நரம்புத் தளர்ச்சி இல்லண்ணே, ரத்தக்குழாய்: நம்ம சாப்பாடும் தூக்கமும் விறைப்பை எப்படிப் பாதிக்குது

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு மெடிக்கல்ல 11 வருஷமா பார்மசிஸ்டா நிக்கிறேன். ராத்திரி 10 மணிக்கு மேல கடைல கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து தயங்கித் தயங்கி வர்ற ஆம்பளைங்கள எனக்குத் தூரத்துலயே அடையாளம் தெரியும், மொதல்ல தலைவலி மாத்திரை ஒண்ணு கேப்பாங்க, அப்புறம் ஒரு தைலம், அப்புறம் ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்துட்டு குரலைத் தாழ்த்தி "அண்ணே, அந்த மாத்திரை இருக்கா"ம்பாங்க. 50 வயசு அண்ணாச்சியும் கேப்பாரு, கல்யாணம் ஆகி ஆறு மாசம் ஆன 28 வயசுத் தம்பியும் கேப்பான். டாக்டர் சீட்டு இல்லாம அந்த மாத்திரைய நான் குடுக்க மாட்டேன், குடுக்கவும் கூடாது, ஆனா வெறுங்கையா அனுப்பவும் மனசு வராது, ஏன்னா அந்த ஒரு கேள்வியக் கேக்குறதுக்கு அந்த மனுஷன் எத்தனை நாள் தூங்காம யோசிச்சிருப்பான்னு எனக்குத் தெரியும். கவுண்டர்ல நின்னுக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிக்க முடியாதத இங்க கொஞ்சம் நிதானமா எழுதுறேன்.

மொதல்ல பேரு. ஆண்மைக்குறைவுங்கிற வார்த்தை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஒரு உடம்புக் கோளாறுக்கு மனுஷனோட மானத்தையே விலையா வைக்கிற வார்த்தை அது. இங்கிலீஷ்லயும் முன்னாடி அப்படித்தான் ஒரு சொல் வச்சிருந்தாங்க, 1992ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டிப் பேசி அந்தச் சொல்லை விட்டுட்டு எரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்னு சொல்லலாம்னு முடிவு பண்ணாங்க. தமிழ்ல விறைப்புக் கோளாறுன்னு சொன்னாப் போதும். உறவுக்குத் தேவையான அளவு விறைப்பு வரல, இல்லன்னா வந்து பாதியிலயே போயிடுது, இது தொடர்ந்து மூணு மாசத்துக்கு மேல இருக்குன்னா அதுதான் கோளாறு. என்னிக்கோ ஒரு நாள் அசதியில நடக்கலைன்னா அது கோளாறே இல்ல, எல்லாருக்கும் நடக்குறதுதான். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 40 வயசுலேர்ந்து 70 வயசு வரைக்கும் உள்ள ஆம்பளைங்ககிட்ட எடுத்து 1994ல வெளியான ஆய்வுல 52 சதவீதம் பேருக்கு கொஞ்சமாவோ நிறையவோ இந்தப் பிரச்சனை இருந்துச்சு, அதாவது ரெண்டு பேர்ல ஒருத்தர். அதனால நமக்கு மட்டும்தான் இப்படின்னு யாரும் ஒடுங்கிப் போக வேண்டியதில்ல.

நம்ம ஆளுங்ககிட்ட காரணம் கேட்டா பத்துக்கு எட்டு பேரு சொல்ற ஒரே வார்த்தை நரம்புத் தளர்ச்சி. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், ஊர்ல பஸ் ஸ்டாண்டு சுவரு பூரா அதுதானே, வைத்தியர் இன்னிக்கு திருநெல்வேலி, நாளைக்கு நாகர்கோவில், நாளன்னிக்கு மதுரைன்னு லாட்ஜ் பேரும் ரூம் நம்பரும் போட்டு, இளமையில செஞ்ச தவறால நரம்பு தளர்ந்துடுச்சான்னு பெருசா ஒரு கேள்வி. பம்பாய் வந்தா லோக்கல் ட்ரெயின் பெட்டிக்குள்ள அதே போஸ்டர் இந்தியில ஒட்டியிருக்கு. கைப்பழக்கத்தால நரம்பு தளர்ந்து போகும்ங்கிறதுக்கு மருத்துவத்துல எந்த ஆதாரமும் கிடையாது, இத எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும், ஏன்னா 22 வயசுல ஏற்பட்ட அந்தக் குற்ற உணர்ச்சிய 45 வயசு வரைக்கும் சுமந்துக்கிட்டு உண்மையான காரணத்தைப் பாக்காமலே இருந்த ஆளுங்கள நான் நேர்ல பாத்திருக்கேன்.

அப்ப உண்மையான காரணம் என்ன? பெரும்பாலும் ரத்தம். விறைப்புங்கிறதே ரத்த ஓட்டம்தான். உறுப்புக்குள்ள நீளவாக்குல ரெண்டு ஸ்பாஞ்சு மாதிரி குழல் இருக்கு. மனசுல ஆசை வந்ததும் மூளையிலேர்ந்து நரம்பு வழியா சேதி வரும், அந்த நரம்பு முனையும் ரத்தக்குழாயோட உள்சுவரும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவ விடும், அது பட்டதும் குழாயச் சுத்தியிருக்கிற தசை இறுக்கத்தை விட்டுத் தளரும், ரத்தம் குபுகுபுன்னு ஸ்பாஞ்சுக்குள்ள இறங்கும், ஸ்பாஞ்சு உப்பினதும் வெளிய போற குழாய் எல்லாம் ஓரமா அமுங்கி ரத்தம் உள்ளயே நிக்கும், அவ்வளவுதான். கவனிச்சுப் பாருங்க, தசை தளர்ந்தாத்தான் விறைப்பு வருது, இறுகினா வராது, இது பின்னாடி டென்ஷனப் பத்திப் பேசும்போது முக்கியம். இந்த நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாய்ல எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்ச மூணு விஞ்ஞானிங்களுக்கு 1998ல நோபல் பரிசு குடுத்தாங்க, அதே 1998 மார்ச்லதான் அமெரிக்காவுல சில்டெனாஃபில், அதாவது ஆளுங்க தயங்கித் தயங்கிக் கேக்குற அந்த மாத்திரைக்கு அனுமதி கிடைச்சுது. நெஞ்சு வலிக்காக ஆராய்ச்சி பண்ண மருந்து அது. நெஞ்சுக்குத் தேடினது இங்க வந்து வேலை செஞ்சது ஏன்னா ரெண்டும் ஒரே குழாய் விவகாரம்தான்.

அந்த நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிற உள்சுவருக்கு எண்டோதீலியம்னு பேரு, ஒரே ஒரு செல் கனத்துல ரத்தக்குழாய் பூராவும் உள்ள பூசுன மாதிரி இருக்கும். சர்க்கரை அதிகமானா மொதல்ல கெடுறது இது, புகையிலை போட்டா கெடுறது இது, பிரஷர், கெட்ட கொழுப்பு, தொப்பை எல்லாமே வந்து அடிக்கிற இடம் இதுதான். நான் இந்தக் கட்டுரையில சொல்ல வர்ற எல்லாமே இந்த ஒரு செல் பூச்சைப் பத்தினதுதான்.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதுதான் என்னைய ராத்திரி கவுண்டர்ல நின்னு பேச வைக்கிறது. நம்ம சால்ல, அதாங்க வரிசையா ரூம் இருக்குற குடியிருப்புல, முனிசிபாலிட்டி தண்ணி காலையில வரும்போது பாத்திருப்பீங்க, மெயின் லைன்ல அழுக்கு அடைச்சா எல்லா வீட்லயும் ஒரே நேரத்துல தண்ணி நிக்காது, சின்ன பைப்பு போட்ட வீட்லதான் மொதல்ல நூல் மாதிரி ஒழுக ஆரம்பிக்கும். உடம்புலயும் அதே கதைதான். உறுப்புக்குப் போற ரத்தக்குழாய் 1லேர்ந்து 2 மில்லிமீட்டர் அகலம், இதயத்துக்கு ரத்தம் குடுக்குற குழாய் 3லேர்ந்து 4 மில்லிமீட்டர். ஒரே அளவு கொழுப்பு ரெண்டுலயும் படிஞ்சா சின்னதுல மொதல்ல தெரியும். இதயத்துல அடைப்பு இருந்தவங்கள விசாரிச்சா, நெஞ்சு வலி வர்றதுக்கு ரெண்டு மூணு வருஷம், சில பேருக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே விறைப்புல பிரச்சனை ஆரம்பிச்சிருக்கு. இயற்கை குடுக்குற எவ்வளவு பெரிய முன்னெச்சரிக்கை பாருங்க! அதைப் போய் வெட்கப்பட்டு மறைச்சு, யாரோ ஒரு பிரெண்டு குடுத்த மாத்திரையப் போட்டு அமுக்கி வச்சா, அடிக்கிற மணியோட நாக்கைக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிடும்.

ஒரு அண்ணாச்சி கதை சொல்றேன், பேரு வேண்டாம். இட்லி வியாபாரம், ராத்திரி 2 மணிக்கு எழுந்து அடுப்பு பத்த வச்சு விடியறதுக்குள்ள சைக்கிள்ல கிளம்பிடுவாரு, பகல்ல ஒரு மூணு மணி நேரம் தூக்கம், ராத்திரி ஒரு ரெண்டு மணி நேரம், வயசு 46. ஒரு நாள் வந்து மாத்திரை கேட்டாரு. நான் "அண்ணாச்சி, ராத்திரி ஒண்ணுக்குப் போக எத்தனை தடவை எந்திரிப்பீங்க"ன்னு மட்டும் கேட்டேன். "நாலு தடவை தம்பி, அது தண்ணி நிறைய குடிக்கேன்லா அதான்"ன்னாரு. மறுநாள் கையப் பிடிச்சு இழுக்காத குறையா லேபுக்கு அனுப்பினேன், வெறும் வயித்து சர்க்கரை 212, மூணு மாச சராசரி பாக்குற ஹெச்பிஏ1சி 9.4. அது 6.5 தாண்டினாலே சுகர். அவருக்கு சுகர் இருக்குறதே அன்னிக்குத்தான் தெரியும், அதுவும் இந்தப் பிரச்சனை வந்து அவரை உலுக்கினதால. மருந்து ஆரம்பிச்சாரு, டீல சர்க்கரைய நிறுத்துனாரு, பீடிய விட்டாரு, தூக்கத்தை ஓரளவு ஒழுங்கு பண்ணாரு. ஏழெட்டு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி 6.8. "காலைல பழையபடி இருக்கு தம்பி, தினமும் இல்ல, வாரத்துல மூணு நாலு நாளு"ன்னு அவரு சொன்னப்ப அந்த மொகத்துல இருந்த வெளிச்சத்த நான் மறக்கவே மாட்டேன். முழுசா 25 வயசு மாதிரி ஆயிட்டாருன்னு பொய் சொல்ல மாட்டேன், டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையும் கொஞ்ச நாள் தேவைப்பட்டுது. ஆனா உயிருக்கு வந்த ஆபத்து விலகிச்சு.

சுகர் இருக்குற ஆம்பளைங்கள்ல பாதிக்கு மேல ஏதோ ஒரு கட்டத்துல இந்தப் பிரச்சனையச் சந்திக்கிறாங்க, அதுவும் மத்தவங்களைவிட 10, 15 வருஷம் சீக்கிரமாவே வருது. சர்க்கரை குழாயையும் கெடுக்குது, நரம்பையும் கெடுக்குது, ரெண்டு பக்க அடி. ஐசிஎம்ஆர்ங்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட ஆய்வு 2023ல வெளியானப்ப நம்ம நாட்டுல 10.1 கோடிப் பேருக்கு சுகர், இன்னும் 13.6 கோடிப் பேரு அதோட வாசல்ல நிக்கிறாங்கன்னு வந்துச்சு. அதனால சாப்பாட்டைப் பத்திப் பேசாம இந்த விஷயத்தைப் பேசவே முடியாது.

நம்ம பம்பாய் தமிழாளு ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுறான்னு பாருங்க. காலைல ஒரு வடா பாவ், அதாவது மைதா ரொட்டிக்குள்ள எண்ணெய்ல பொரிச்ச உருளைக்கிழங்கு, மாவுக்கு நடுவுல மாவு. கூட ஒரு கட்டிங் டீ. மத்தியானம் மெஸ்ல மலை மாதிரி வெள்ளைச் சோறு, அதுக்கு ஓரமா ஒரு ஸ்பூன் பொரியல், சாம்பார்ல தேடினா ரெண்டு துண்டு முள்ளங்கி. சாயங்காலம் பஜ்ஜி, இன்னொரு கட்டிங். ராத்திரி 11 மணிக்கு பிரியாணியோ பாவ் பாஜியோ, சாப்பிட்டு கை காயறதுக்குள்ள படுக்கை. கட்டிங் டீ சின்ன கிளாஸ்தானேன்னு நெனைப்போம், ஒரு கிளாஸ்ல ரெண்டு டீஸ்பூன் சர்க்கரைன்னா ஆறு கிளாஸ்க்கு 12 டீஸ்பூன், அதுவே 50 கிராம் வந்துடுது. உலக சுகாதார நிறுவனம் சேர்த்துக்குற சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள்ள இருக்கணும், 25க்குள்ள இருந்தா இன்னும் நல்லதுங்குது. டீலயே கோட்டா முடிஞ்சு போச்சு. என்னைக் கேட்டா ஒரே ஒரு விஷயம் மாத்தணும்னா இத மாத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம், பத்து நாள் கஷ்டமா இருக்கும், அதுக்கப்புறம் சர்க்கரை போட்ட டீதான் திகட்டும்.

ஆராய்ச்சில இந்தப் பிரச்சனைக்குத் திரும்பத் திரும்ப நல்லதுன்னு வர்றது மத்தியதரைக்கடல் நாட்டுச் சாப்பாட்டு முறை, காய், பழம், பருப்பு, மீன், கொட்டைகள், முழுத்தானியம், ஆலிவ் எண்ணெய், இறைச்சி கம்மி. ஆலிவ் எண்ணெய் விலையப் பாத்து பயப்பட வேண்டாம், மத்தது எல்லாம் நம்ம தெருவுலயே கிடைக்குது. இங்க தார்லின்னு விக்கிறது நம்ம ஊரு சாளை மீன்தான், பாங்கடான்னா அயிலை, ரெண்டும் சுறா வஞ்சிரத்தைவிட மலிவு, இதயத்துக்கு நல்ல கொழுப்பு உள்ள மீன், குழம்பு வைங்க, பொரிக்காதீங்க. லால் மாட்னு கட்டுக்கட்டா வச்சிருப்பாங்களே அது சிவப்புத் தண்டுக்கீரை, மேத்தி வெந்தயக்கீரை, பாலக் தெரியும். கீரையிலயும் பீட்ரூட்லயும் நைட்ரேட் நிறைய இருக்கு, நம்ம வாய்ல இருக்குற நல்ல பாக்டீரியா அத மாத்திக் குடுக்க, உடம்பு அதுலேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு செஞ்சுக்குது, மேல சொன்ன அதே வாயு. (ஒரு பார்மசிஸ்டா இன்னொண்ணு சொல்லிடுறேன், பல் டாக்டர் சொல்லாம கிருமிநாசினி மவுத்வாஷ் தினமும் போட்டா அந்த நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகுது.) ராத்திரிக்கு சோத்தைக் குறைச்சு ஒரு ஜோவார் பாக்ரி, அதாங்க சோள ரொட்டி, கூட மூக்குக்கடலையோ மட்கி உசலோ, அதாவது நரிப்பயறுல செய்யுற கறி. ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. கொய்யா, ஆரஞ்சு, சீசன்ல நாவப்பழம். தட்டுல பாதி காய் கீரை இருக்கணும், சோறு கால்வாசி, இவ்வளவுதான் கணக்கு, சோத்தை விடச் சொல்லல, சோத்துக்கும் காய்க்கும் இடம் மாத்தச் சொல்றேன். உப்பும் கவனம், அப்பளம், ஊறுகாய், ஃபர்சாண்ங்கிற மிக்சர் வகை மூணும் சேர்ந்தா பிரஷர் ஏறாம என்ன பண்ணும்.

முருங்கைக்காய்னதும் ஒரு சிரிப்பு சிரிப்பாங்க நம்ம ஆளுங்க. முருங்கைக்கீரை ரொம்ப நல்ல கீரை, வாரம் ரெண்டு தடவை தாராளமா சாப்பிடுங்க, ஆனா காய் சாப்பிட்ட அன்னிக்கு ராத்திரி ஏதோ நடக்கும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. பாதாம் பிஸ்தா குங்குமப்பூ போட்டு ரெண்டு கரண்டி சர்க்கரையோட பால் குடிக்கிறதும் அப்படித்தான், பாதாம் நல்லது, சர்க்கரை அதக் கெடுத்துடுது. எந்த ஒரு சாப்பாடும் தனியா இத சரி பண்ணாது, வருஷக்கணக்கா சாப்பிடுற முறைதான் சரி பண்ணும்.

தொப்பை. இந்திய ஆம்பளைக்கு இடுப்புச் சுத்தளவு 90 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், தையல்காரர் டேப்பை எடுத்து தொப்புள் மட்டத்துல மூச்சை இழுத்துப் பிடிக்காம அளந்து பாருங்க. வயித்துக் கொழுப்பு சும்மா தொங்குற சுமை கிடையாது, அங்க ஒரு என்சைம் இருந்துக்கிட்டு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை பெண் ஹார்மோனா மாத்திக்கிட்டே இருக்கும், கூடவே ரத்தக்குழாய்ல வீக்கத்தை உண்டாக்குற பொருட்களையும் விடும். இத்தாலியில ஒரு ஆய்வு பண்ணி 2004ல வெளியிட்டாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு அது. உடம்பு பருமனா இருந்து விறைப்புப் பிரச்சனையும் உள்ள, ஆனா சுகர் பிரஷர் இல்லாத 110 பேரு, 35லேர்ந்து 55 வயசு. பாதிப் பேருக்கு சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் விடாம கூட இருந்து சொல்லிக் குடுத்து எடை குறைக்க வச்சாங்க, மீதிப் பாதிக்கு பொதுவான அறிவுரை மட்டும். ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா மொதல் கூட்டத்துல 55ல 17 பேருக்கு விறைப்பு சகஜ நிலைக்கு வந்திருந்துச்சு, இன்னொரு கூட்டத்துல 3 பேருக்குத்தான். மூணுல ஒருத்தருக்கு, மாத்திரையே இல்லாம! மீதி ரெண்டு பேருக்கு முழுசா சரியாகலங்கிறதையும் சேர்த்தே சொல்றேன், ஏன்னா எடை குறைச்சும் வரலையேன்னு யாரும் மனசு ஒடியக் கூடாது, அவங்களுக்கு வேற சிகிச்சை இருக்கு.

புகையிலையப் பத்தி நீட்ட வேண்டியதில்ல. நிகோட்டின் உடனே குழாய இறுக்குது, புகை நாளடைவுல உள்சுவரை அரிக்குது, எவ்வளவு அதிகமோ எவ்வளவு வருஷமோ அவ்வளவு மோசம். நான் சிகரெட் இல்லண்ணே, வாய்ல போடுறது மட்டும்தான்னு சொல்றவங்க இங்க நிறைய, மகாராஷ்டிராவுல 2012லயே குட்காவுக்குத் தடை போட்டும் மாவாவும் (பாக்கோட புகையிலை கலந்தது) புகையிலை சுண்ணாம்பும் எந்த மூலையிலயும் கிடைக்குது. வாய்ல போட்டாலும் நிகோட்டின் ரத்தத்துக்குத்தான் போகுது தம்பி. சரக்கு விஷயம் வேற மாதிரி, கொஞ்சம் போட்டா தைரியம் வருதுன்னு ஆரம்பிப்பாங்க, ஒரு குவாட்டர்ல கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கு, அது மூளை அனுப்புற சேதியையே மந்தமாக்கிடும். அன்னிக்கு ராத்திரி நடக்காது, மறுநாள் பயம் வரும், அந்தப் பயத்துக்கு இன்னொரு குவாட்டர். பல வருஷம் இப்படிப் போனா நரம்பும் ஈரலும் விதையும் சேர்ந்து கெடும்.

தூக்கத்தை யாருமே கணக்குல எடுக்குறதில்ல. பத்லாப்பூர், அம்பர்நாத்ல வீடு, லோயர் பரேல்ல வேலை, விடியக்காலை 5 மணி ட்ரெயின், வீடு திரும்ப ராத்திரி 10. அஞ்சு மணி நேரம் தூங்கினாலே பெருசு. டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் ஊறுறது தூக்கத்துலதான். சிகாகோ பல்கலைக்கழகத்துல நல்ல ஆரோக்கியமான 10 இளைஞர்கள ஒரு வாரம் அஞ்சு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பாத்தாங்க, 2011ல வெளியான ஆய்வு, பகல்ல இருக்குற டெஸ்டோஸ்டிரோன் 10லேர்ந்து 15 சதவீதம் குறைஞ்சுடுச்சு, ஒரே வாரத்துல. இன்னொண்ணு, ஆரோக்கியமான ஆம்பளைக்குத் தூக்கத்துல மூணுலேர்ந்து அஞ்சு தடவை தானாவே விறைப்பு வரும், கனவு வர்ற கட்டத்துல. அது அந்தத் திசுவுக்கு ஆக்சிஜன் குடுக்குற பராமரிப்பு வேலைன்னு டாக்டருங்க நெனைக்கிறாங்க. தூக்கத்தை வெட்டினா அதையும் வெட்டுறோம். வீட்டுல பொண்டாட்டி உங்க குறட்டையப் பத்திப் புகார் சொன்னா, நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு சொன்னா, கோபப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, அந்தத் தூக்க மூச்சுத்திணறலுக்கும் விறைப்புப் பிரச்சனைக்கும் நேரடித் தொடர்பு இருக்கு, வைத்தியமும் இருக்கு.

நடை. வேலையிலயே நாள் பூரா நிக்கிறேன் நடக்கிறேன்னு சொல்வீங்க, அது போதாது, மூச்சு வாங்கணும், பேச முடியணும் ஆனா பாட முடியக் கூடாது, அந்த வேகம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தவங்க சொல்ற அளவு, ஒரு தடவைக்கு 40 நிமிஷம், வாரத்துல நாலு நாள், ஆறு மாசம். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் சுத்தி வாங்க, சிவாஜி பார்க் சுத்தி வாங்க, தாராவிக்காரங்களுக்கு மகாராஷ்டிரா நேச்சர் பார்க் பக்கத்துலயே இருக்கு, ஒரு காலத்துல குப்பை மேடா இருந்த இடம், இப்ப நல்ல மரம் நிழல். எதுவும் முடியலையா, ரெண்டு ஸ்டேஷன் முன்னாடி இறங்கி வேகமா நடந்து வாங்க.

இதோட இடுப்பு அடித்தளத் தசைக்குன்னு ஒரு சின்னப் பயிற்சி இருக்கு, யாருக்கும் தெரியாம ட்ரெயின்ல உக்காந்துக்கிட்டே பண்ணலாம். மூத்திரத்தைப் பாதியில நிறுத்துற மாதிரி, காத்து வெளிய போகாம அடக்குற மாதிரி உள்ளுக்குள்ள இழுத்துப் பிடிக்கணும், அஞ்சு எண்ணுற வரைக்கும், அப்புறம் முழுசா தளர விடணும், ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூணு வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயித்தை இறுக்கக் கூடாது, நிஜமாவே மூத்திரம் போகும்போது பண்ணிப் பழகக் கூடாது. இங்கிலாந்துல 55 ஆம்பளைங்ககிட்ட இத முறையாப் பண்ண வச்சுப் பாத்தப்ப, ஆறு மாசத்துல 40 சதவீதம் பேருக்கு சகஜமாச்சு, இன்னும் மூணுல ஒரு பங்குக்கு மேல முன்னேற்றம் தெரிஞ்சுது. சில்டெனாஃபில் புகழுக்கு முன்னாடி இது யாருக்கும் தெரியாமலே போச்சுங்கிறது எனக்கு ரொம்ப வருத்தம்.

மனசு. 28 வயசுத் தம்பிங்க வந்தா நான் கேக்குற மொத கேள்வி, காலைல எந்திரிக்கும்போது விறைப்பு இருக்கா. இருக்குன்னா குழாய், நரம்பு, ஹார்மோன் எல்லாம் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு, பயம்தான் வேலையக் கெடுக்குது. பயம் வந்தா அட்ரினலின் ஊறும், அது தசைய இறுக்கும், தசை தளர்ந்தாத்தானே ரத்தம் உள்ள வரும். பத்துக்குப் பத்து ரூம், நடுவுல ஒரு சேலைத் திரை, அந்தப் பக்கம் அப்பா அம்மா, மேல பரண்ல தங்கச்சி, இந்த நிலைமையில கல்யாணமான தம்பிக்குப் பயம் இல்லாம எப்படி இருக்கும்? அது அவனோட குறை இல்ல, இந்த ஊரோட இட நெருக்கடி. வீட்டுல எல்லாரும் சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போற நாளு, இல்லன்னா ரெண்டு பேருமா லோனாவாலா மலைக்கு ஒரு ட்ரிப், அது எத்தனையோ பேருக்கு மருந்தா இருந்திருக்கு. பொண்டாட்டிகிட்ட பேசாம திரும்பிப் படுக்குறதுதான் ரொம்பக் கெடுதல், அந்தப் பொண்ணு தனக்கு அழகு போச்சோ, இவருக்கு வேற யாராவது இருக்காங்களோன்னு மருகிக்கிட்டு இருக்கும். உடம்புல ஏதோ சரியில்லம்மா, உன் மேல ஒண்ணும் இல்ல, டாக்டரப் பாக்கப் போறேன், இந்த அளவு சொன்னாப் போதும்.

இப்ப கவனமா படிக்க வேண்டிய இடம். நெஞ்சு வலிக்காக நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மருந்து எடுக்குறவங்க சில்டெனாஃபில், டாடலாஃபில் வகை மாத்திரையத் தொடவே கூடாது, ரெண்டும் சேர்ந்தா பிரஷர் அப்படியே சரிஞ்சு உயிரே போகலாம். மூலிகை, இயற்கை, பக்கவிளைவே இல்லன்னு விக்கிற பவுடர், கேப்சூல்ல பல தடவை இதே சில்டெனாஃபில லேபிள்ல போடாமலே கலந்திருக்குறத அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்டுபிடிச்சு எச்சரிச்சிருக்கு. அப்படின்னா இதய நோயாளி ஒருத்தர் லேகியம்தானேன்னு சாப்பிட்டு ஆபத்துல மாட்டலாம். அதே மாதிரி சில பிரஷர் மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை விறைப்பைப் பாதிக்கும், உண்மைதான், ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, ஏறின பிரஷர் அதைவிட மோசமா அதே குழாயக் கெடுக்கும், டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்தித் தருவாரு. தாதர் ஸ்டேஷன் பாலம் மாதிரி ரெண்டு மாடிப் படி விறுவிறுன்னு ஏறினா நெஞ்சு அடைக்குதுன்னா, விறைப்பைப் பத்தின பேச்சையே தள்ளி வச்சுட்டு மொதல்ல இதய டாக்டர். மாத்திரை போட்டு நாலு மணி நேரத்துக்கு மேல விறைப்பு இறங்கலைன்னா கேஷுவாலிட்டிக்கு ஓடணும், வெட்கப்பட்டு வீட்ல இருந்தா நிரந்தரமா கெட்டுப் போகும்.

டாக்டர்கிட்ட போகும்போது கையில என்ன ரிப்போர்ட் இருக்கணும்னு கேப்பாங்க. வெறும் வயித்து சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், பிரஷர், இடுப்பளவு, இது இருந்தா டாக்டருக்குப் பாதி வேலை முடிஞ்சுது. டெஸ்டோஸ்டிரோன் டாக்டர் சொன்னா எடுங்க, அதுக்குக் காலைல 10 மணிக்குள்ள ரத்தம் குடுக்கணும். சயான், கேஇஎம், நாயர் மூணு முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியிலயும் யூராலஜி ஓபிடி, அதாவது மூத்திரப்பாதை, ஆணுறுப்புப் பிரச்சனை பாக்குற வெளிநோயாளி பிரிவு இருக்கு. கேஸ் பேப்பர் கவுண்டர்ல கூட்டத்துக்கு நடுவுல காரணம் கேட்டா யூராலஜின்னு ஒரு வார்த்தை போதும், அதுக்கு மேல யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்ல. உள்ள போனதும் மூணு மாசமா விறைப்பு சரியா வரல டாக்டர், காலைல வருது, இல்லன்னா காலைலயும் வரல, இந்த இந்த மருந்து சாப்பிடுறேன், இவ்வளவு புகையிலை, இவ்வளவு தூக்கம், இதை ஒரு சீட்டுல எழுதியே நீட்டிடலாம். வாயால சொல்ல வராத பல பேருக்கு நான் கவுண்டர்ல பில் பேப்பர் பின்னாடி இத எழுதிக் குடுத்திருக்கேன், தமிழ்லயும் இந்தியிலயும்.